ஆற்றை நோக்கிய முகங்கள்: ராஸ் பாலமும் ஒரு தேடல் விளையாட்டும்

டாஸ்மேனியாத் தீவின் தெற்கிலுள்ள ஹோபார்ட் நகரையும் வடக்கிலுள்ள லான்செஸ்டன் நகரையும் இணைக்கும் மிட்லண்ட் நெடுஞ்சாலை, ஆட்டுப்பண்ணைகளும் காய்ந்த புல்வெளிகளும் நிறைந்த நடுநிலப் பகுதியின் ஊடே செல்கிறது. ஹோபார்ட்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வடக்கே, இந்நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகி ராஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் தீவின் தலையாய சாலை இவ்வூரின் நடுவே சென்று, மக்குவாரி ஆற்றின்மீது எழுப்பப்பட்ட மூன்று வளைவுக் கற்பாலத்தைக் கடந்தது. இன்று விரைவாகப் போகும் ஊர்திகள் ஊருக்கு வெளியே அமைந்த புறவழியில் போய்விடுகின்றன. ஆகவே, இப்பாலத்தைக் காண விரும்புபவர் அதற்கென்றே வண்டியைத் திருப்பி வந்தாக வேண்டும். அவ்வாறு வந்தவரும் பாலத்தின் மேலேயே காரை ஓட்டிச் சென்றால், அதன் சிறப்பில் பெரும்பகுதியைக் காணாமலே மறுகரை சேர்ந்துவிடுவார். ஏனெனில் அதன் சிற்பங்கள் அனைத்தும் சாலையை நோக்காமல் ஆற்றை நோக்கியே செதுக்கப்பட்டுள்ளன.

அண்மை ஆண்டுகளில் இத்தகைய ஊர்களுக்குப் பயணிகளைத் திருப்பி அழைத்துவரும் காரணங்களுள் ஒன்றாக ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டு வளர்ந்திருக்கிறது. ஒருவர் ஓர் இடத்தில் சிறு பேழையொன்றை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட, மற்றவர்கள் கைப்பேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ துணையாகக் கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பேழையை இருந்த இடத்திலேயே மீண்டும் வைத்துத் திரும்புவதே இவ்விளையாட்டு. பெயரின் பிற்பகுதியான ‘கேஷ்’ என்பது மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் உணவையும் கருவிகளையும் பின்னர் எடுத்துக்கொள்வதற்காக ஒளித்து வைத்த வேட்டைக்காரர்களின் வழக்குச் சொல் அது. தமிழில் இதைப் ‘புதையல் வேட்டை’ என்று எழுதுவோர் உண்டு. ஆயினும் அச்சொல் பொருந்தாது. நிலத்தைத் தோண்டுவது இவ்விளையாட்டின் விதிகளில் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ‘மறைபேழைத் தேடல்’ என்பதே பொருளுக்கு நெருங்கிய பெயராகும்.

இவ்விளையாட்டு பிறந்த நாளைத் திட்டமாகச் சொல்ல முடிவது, அது ஓர் அரசாணையை ஒட்டிப் பிறந்ததால்தான். அமெரிக்கப் படைத்துறைக்கென அமைக்கப்பட்ட ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றியவாறு நேரக் குறிகளை அனுப்புகின்றன; குறைந்தது நான்கு கோள்களின் குறிகள் வந்தடைய எடுத்துக்கொண்ட நேரத்தை ஒப்பிட்டுத் தரையிலுள்ள கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தமையால், இடக்கணிப்பு 100 மீட்டர் அளவுக்குத் தவறக்கூடும் என்ற நிலை இருந்தது. அமெரிக்க அரசின் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்ட மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து அதன் இட எண்களை வெளியிட்டார். சில நாட்களுக்குள் அது கண்டெடுக்கப்பட்டது. அன்று பாதி புதைக்கப்பட்ட அந்த வாளியிலிருந்து தொடங்கிய பழக்கம், இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பேழைகளாகப் பெருகியுள்ளது.

ராஸ் ஊரை நோக்கி வரும் தேடுநர் கையிலிருக்கும் எண்கள் தெற்கே ஏறத்தாழ 42 பாகையையும் கிழக்கே 147½ பாகையையும் சுட்டுகின்றன. இவ்விளையாட்டில் இட எண்களைப் பாகையாகவும் கலையாகவும், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்காகவும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் எழுதுவது மரபு. அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ 1,850 மீட்டர் என்பதால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவாகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால், ராஸ் இருக்கும் அட்சத்தில் கிழக்கு மேற்கான அதே பங்கு 1.4 மீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. கருவியோ திறந்த வெளியிலும் சில மீட்டர் பிழையின்றி இடத்தைக் காட்டுவதில்லை. மரங்களின் கீழும் கற்சுவரின் ஓரத்திலும் குறிகள் மோதித் திரும்புவதால் அப்பிழை மேலும் கூடுகிறது. எனவே, கடைசிப் பத்து மீட்டரில் கருவியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை நம்பத் தொடங்குவதே பழகிய தேடுநரின் வழக்கம். பழம்பெரும் கட்டடமொன்றின் முன் நிற்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அமைவது அரிது. எந்தக் கல் மற்றக் கற்களிலிருந்து வேறுபடுகிறது, எந்த நிழல் இயல்புக்கு மாறாக விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமையைச் சுற்றுலாக் கையேடுகள் எவையும் கற்பிப்பதில்லை.

தொன்மைச் சின்னங்களின் கற்களிடையே பேழையைச் செருகுவதும், கட்டடத்துக்கு ஊறு நேரும்படி எதையும் அதில் பொருத்துவதும் விதிகளுக்கு முரணானவை. அத்தகைய இடங்களுக்கென்று பேழையற்ற தேடல் வகைகள் உருவாயின. ‘மெய்நிகர்ப் பேழை’ எனப்படுவதில் எதுவும் ஒளித்து வைக்கப்படுவதில்லை. குறித்த இடத்துக்கு வந்து, கல்வெட்டிலுள்ள ஓர் ஆண்டையோ, வளைவுகளின் எண்ணிக்கையையோ, ஒரு சிற்பத்தின் இயல்பையோ கண்டு விடை எழுதினால் அதுவே கண்டெடுத்தலாக ஏற்கப்படும். ‘பல்நிலைப் பேழை’ என்னும் வகையில், பழைய சின்னத்தில் எண்ணிப் பெற்ற விடைகளே அடுத்த இடத்துக்கான எண்களாக மாறி, பேழை உண்மையில் இருக்கும் வேறோர் இடத்துக்கு, பெரும்பாலும் சாலையோர மரத்தடிக்கோ வேலிக்கம்பத்துக்கோ, தேடுநரை அனுப்பிவைக்கும். நிலவியலைக் கற்பிக்கும் ‘புவிப்பேழை’ என்ற வகையும் உண்டு. ராஸ் பாலத்தைப் போன்ற ஒரு கட்டடத்தில் இம்மூவகைக்கும் தேவையான பொருள் மிகுதியாகவே இருக்கிறது.

ஊரின் எல்ம் மரச் சாலையிலிருந்து இறங்கிக் கரையோரப் புல்வெளியில் நின்று பார்க்கும்போதுதான் பாலம் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. அவ்வட்டாரத்து மணற்கல்லால் ஆன மூன்று வளைவுகள், இரண்டு தூண்களின் மீதும் இரு கரைகளிலும் கால் ஊன்றி நிற்கின்றன. நீர் அமைதியாக இருக்கும் நாட்களில் ஒவ்வொரு வளைவும் தன் நிழலோடு சேர்ந்து நீள்வட்டம் போலத் தோன்றுகிறது. வளைவு என்பது ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அடுத்தடுத்து வைத்து அமைக்கப்படுவது. முதலில் மரத்தால் ஒரு வளைந்த சட்டகம் செய்து ஆற்றின் குறுக்கே நிறுத்தி, அதன்மேல் இரு புறத்திலிருந்தும் வளைவுக்கற்களை ஏற்றிக்கொண்டு வந்து, உச்சியில் முடிகல்லை இறுக்கி வைத்த பின்னரே சட்டகத்தை அகற்றுவர். அதன் பிறகு கற்களின் எடையே அவற்றை ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கல் அளவு தவறினாலும் அந்நெருக்கம் சீராகப் பரவாது என்பதால், வளைவுக்கற்களை வெட்டும் பணி கல்தச்சருள் தேர்ந்தவர்களுக்கே ஒப்படைக்கப்படும்.

உலகின் பெரும்பாலான பாலங்களில் இவ்வளைவுக்கற்களின் வெளிமுகம் வழவழப்பாகவோ, சற்றே முரடாகக் கொத்தப்பட்டோ விடப்படும். ராஸ் பாலத்தில் அவ்வாறு ஒரு கல்லும் விடப்படவில்லை. ஆற்றின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் தெரியும் ஆறு வளைவு முகங்களிலும் உள்ள கற்களில் மொத்தம் 186 செதுக்குருவங்கள் உள்ளன. ஆறால் வகுத்தால் முகமொன்றுக்கு 31. விலங்குகள், பறவைகள், பூச்சிகள், இலைகளும் கதிர்களும், சுருண்டு பின்னும் கோலங்கள், அவற்றினிடையே திடீரென்று வெளிப்படும் மனித முகங்கள் என ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் தொடர்பற்றவை போல அவை வரிசையிட்டு நிற்கின்றன. புதிதாக வெட்டியெடுத்த மணற்கல் தன்னுள் ஈரத்தை வைத்திருப்பதால் உளிக்கு எளிதில் இணங்கி, காற்றுப்பட்டுக் காயக் காய இறுகும் இயல்புடையது. ட்ரயாசிக் காலம் எனப்படும், 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்தில் ஆற்றுமணல் படிந்து உருவான இக்கல்லின் அவ்வியல்பே இத்தனை நுணுக்கத்துக்கு இடம் கொடுத்தது. அதே மென்மையால் மழையும் பாசியும் அவற்றை அரித்தும் வருகின்றன. சில உருவங்கள் எவை என்று இன்று எளிதில் உணர முடியாத அளவுக்கு மழுங்கியுள்ளன.

இச்செதுக்குவேலை நுட்பத்தால் மட்டும் வியப்புக்குரியதன்று. அதைச் செய்தவர்கள் கைதிகள் என்பதும், காலனி ஆட்சி அவர்களிடம் எதிர்பார்த்தது ஆற்றைக் கடக்க உறுதியான ஒரு பாலத்தையே என்பதும் சேர்ந்தே அவ்வியப்பை முழுமையாக்குகின்றன. டாஸ்மேனியா அன்று வான் டீமன்ஸ் லேண்ட் என்று அழைக்கப்பட்டது. 1803இல் பிரித்தானியர் அங்குக் குடியேறியது முதல் 1853இல் நாடுகடத்தல் நிறுத்தப்பட்டது வரை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அதன் பிற ஆட்சிப்பகுதிகளிலும் தண்டிக்கப்பட்ட ஏறத்தாழ 75,000 பேர் அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். துணியோ ஆடோ திருடியவர்களும், வழிப்பறி செய்தவர்களும், அரசியல் கிளர்ச்சியில் ஈடுபட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். வந்திறங்கியோருள் பலர் தனியார் பண்ணைகளுக்கு வேலையாட்களாக ஒதுக்கப்பட்டனர். மற்றவர்கள் சாலை, பாலம், துறைமுகம் போன்ற அரசுப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். மீண்டும் குற்றம் புரிந்தவர்கள் கால்விலங்கோடு வேலை செய்யும் சங்கிலிக் கூட்டத்தில் சேர்க்கப்பட்டனர். நன்னடத்தை காட்டியவருக்கு, தீவுக்குள்ளேயே தமக்கென உழைத்து வாழ அனுமதிக்கும் ‘விடுப்புச் சீட்டு’ வழங்கப்பட்டது. அதற்கும் மேலானது மன்னிப்பு.

1824 முதல் 1836 வரை துணைநிலை ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஆர்தர், கைதிகளைத் தண்டனையின் கடுமைக்கேற்ப ஏழு படிகளாக வகுத்து, ஒவ்வொருவரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஏடுகளில் பதிவுசெய்யும் முறையை இறுக்கமாக நடத்தியவர். ராஸில் ஏற்கெனவே இருந்த மரப்பாலம் வலுவிழந்ததால் கற்பாலம் ஒன்று கட்டுவதென அவர் ஆட்சியில் முடிவாயிற்று. காலனியின் கட்டடக் கலைஞரும் பொறியாளருமான ஜான் லீ ஆர்ச்சர் அதற்கு வடிவமைப்புச் செய்தார். ஹோபார்ட்டில் இன்று நாடாளுமன்றமாக விளங்கும் பழைய சுங்க மாளிகையும் அவருடைய வடிவமைப்பே. எனினும் பணி பல ஆண்டுகள் இழுபட்டது. பாலத்துக்கென வெட்டிய கல்லும் கைதிகளின் உழைப்பும் அருகிலிருந்த தனியார் கட்டடங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மேற்பார்வைக்குப் புதிய படைத்துறை அதிகாரி ஒருவர் அனுப்பப்பட்டு, கைதிகளுள் தேர்ந்த கல்தச்சர்களான டேனியல் ஹெர்பர்ட், ஜேம்ஸ் கோல்பெக் ஆகிய இருவரும் வேலையை முன்னின்று நடத்தத் தொடங்கிய பின்னரே சுவர்கள் உயர்ந்தன. 1836 ஜூலையில் பாலம் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று ஆர்தர் அதைத் திறந்து வைத்தார். அம்மாதமே அவர் தம் பதவிக்காலம் முடிந்து தீவை விட்டுக் கப்பலேறினார். ஹெர்பர்ட்டும் கோல்பெக்கும் தம் பணிக்கு ஈடாக மன்னிப்புப் பெற்றனர்.

செதுக்குருவங்களுள் பெரும்பாலானவை ஹெர்பர்ட்டின் கையால் ஆனவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். வழிப்பறிக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு 1827இல் ஹோபார்ட் வந்திறங்கிய இக்கல்தச்சர் எதை மனத்தில் கொண்டு ஒவ்வொரு கல்லையும் செதுக்கினார் என்பதைக் கூற அவர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்றையும் ஆய்வாளர்கள் சான்றாகக் காட்டுவதில்லை. கற்களையே வாசித்துப் பொருள் காண வேண்டியிருக்கிறது. சில முகங்களை அக்காலத்து மனிதரோடு பொருத்திக் காண்பது ஊர் வழக்கு. ஒன்று ஆளுநர் ஆர்தரின் முகம் எனப்படுகிறது. முடி சூடிய ஆண் முகமும் அதற்கு இணையான பெண் முகமும் ஜோர்கன் ஜோர்கன்சனும் அவருடைய மனைவி நோரா கோர்பெட்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன.

இம்முடிசூடிய முகத்தின் முன் நின்று அம்மனிதரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. 1780இல் கோபன்ஹேகனில் பிறந்த ஜோர்கன்சன் ஆங்கிலக் கப்பல்களில் மாலுமியாகச் சேர்ந்து, 1803–04இல் டாஸ்மேனியாவின் டெர்வென்ட் ஆற்றங்கரையில் பிரித்தானியக் குடியிருப்பு தொடங்கியபோது, அக்குடியேற்றத்துக்கு உதவிய ‘லேடி நெல்சன்’ கப்பலில் பணியாற்றினார். 1809இல் ஐஸ்லாந்துக்குச் சென்ற ஆங்கில வணிகக் கப்பலோடு போன அவர், அங்கிருந்த டேனிய ஆளுநரைச் சிறைப்படுத்தி, தம்மைத் தீவின் காப்பாளராக அறிவித்து, ஏறத்தாழ இரண்டு மாத காலம் ஆட்சி நடத்தினார். பின்னர் பிரித்தானியக் கடற்படை அவரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அதன் பின் சூதாட்டத்திலும் கடனிலும் சிக்கி, லண்டனில் திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, தாம் இளமையில் மாலுமியாகத் தொடங்கிவைக்கத் துணைநின்ற அதே காலனிக்கு 1826இல் கைதியாக வந்து சேர்ந்தார். அங்கு அவர் நடுநிலப் பகுதியில் காவலராக அமர்த்தப்பட்டார். அயர்லாந்திலிருந்து கைதியாக வந்திருந்த நோராவை 1831இல் மணந்தார். 1841இல் ஹோபார்ட்டில் இறந்தார். கைதியொருவர் மற்றொரு கைதியின் தலையில் அரச முடியைச் செதுக்கி, ஆளுநரின் முகத்தையும் அதே வரிசையில் வைத்தார் என்னும் வழக்கு உண்மையாயின், அது கேலியா பரிவா என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. இரண்டும் கலந்திருக்கலாம்; ஆயினும் அம்முகத்தை நெருங்கிப் பார்ப்பவருக்குப் பரிவே மிகுதியாகத் தெரிகிறது.

இச்சிற்பங்களை முறையாக ஆராய்ந்து நூலாக்கிய பெருமை லெஸ்லி கிரீனருக்கும் ஒளிப்படக் கலைஞர் நார்மன் லேர்டுக்கும் உரியது. அவர்களுடைய நூல் 1971இல் வெளிவந்தது. கிரீனர் முன்பு எகிப்தின் லக்சோர் நகரில், பழங்கோயில்களின் கல்வெட்டுகளையும் புடைப்புருவங்களையும் வரைந்து பதிவுசெய்யும் குழுவில் ஓவியராகப் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சாங்கியில் போர்க்கைதியாக அடைக்கப்பட்டவர். கல்லில் மழுங்கிய கோட்டைக் காணும் பயிற்சியும், சிறைப்பட்ட மனிதன் கையால் எதையாவது ஆக்கத் துடிப்பதன் பொருளை அறிந்த பட்டறிவும் ஒருங்கே வாய்த்த ஒருவர் ஹெர்பர்ட்டின் கற்களைக் கண்டது இப்பாலத்துக்குக் கிடைத்த நற்பேறு. பின்னல் கோலங்களிலும் கொம்புடைய உருவங்களிலும் கெல்ட்டியர் எனப்படும் பழைய ஐரோப்பிய மக்களின் சமயக் குறியீடுகளை அவர் கண்டார். அவ்விளக்கம் அனைத்தையும் ஏற்க வேண்டுவதில்லை. ஊர்ப்புறத் தேவாலயங்களில் இலை உமிழும் முகங்களைப் பார்த்து வளர்ந்த ஓர் ஆங்கிலக் கல்தச்சர், தம் தொழில்மரபின் கோலங்களைப் புதிய நாட்டில் நினைவிலிருந்து எடுத்தாண்டார் என்று கொண்டாலும் கற்கள் அதற்கு இடம் தருகின்றன.

கைதிகளைப் பற்றி ஆட்சி எழுதி வைத்தவை ஏராளம். உயரம், தலைமயிரின் நிறம், கண், மூக்கு, தழும்பு, பச்சைகுத்து என ஒவ்வொருவரின் உடலும் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே ஏட்டில் ஏற்றப்பட்டது; குடித்துப் பிடிபட்டதும், வேலைக்கு வராததும், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதும் நாள் குறித்துப் பதியப்பட்டன. இவ்வேடுகள் இன்றும் டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டன. எளிய மனிதரை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த ஆவணத் தொகுதி அக்கால உலகில் அரிதென்றே கூற வேண்டும். ஆயினும் அவை அனைத்தும் காவலர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. ராஸ் பாலத்தின் 186 கற்களோ, எழுதப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து வந்த பதிவு. மேலே சாலையில் வண்டியில் சென்ற அதிகாரியும் பண்ணையாரும் காணாதவாறும், குதிரைக்கு நீர் காட்டவும் துணி துவைக்கவும் மீன் பிடிக்கவும் கரைக்கு இறங்கியவர் கண்ணுக்கு நேராகவும் அவை அமைந்துவிட்டன. வளைவுக்கற்கள் இருக்க வேண்டிய இடம் அதுவே என்பதால் இது திட்டமிட்ட மறைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாரும் பார்க்கத்தக்க இடத்தில், பார்ப்பதற்கென்று இறங்கி வருபவர் மட்டுமே காணும்படி ஒன்றை வைத்துச் செல்வது ஜியோகேச்சிங்கின் அடிப்படை இலக்கணம். அவ்வகையில் ஹெர்பர்ட் அவ்விளையாட்டுக்கு 164 ஆண்டுகள் முந்தியவர்.

கரையில் நிற்பவர் ஆற்றின் பெயரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1821இல் இவ்வழியே வந்த நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் லாக்லன் மக்குவாரி ஊருக்கு ராஸ் என்று ஸ்காட்லாந்துப் பெயர் சூட்டினார். ஆறு அவர் பெயரையே தாங்கியது. அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாற்றங்கரையில் வாழ்ந்த மக்களின் மொழிகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட ‘தினமிரகுனா’ என்ற பெயரும் இன்று அரசால் இரட்டைப் பெயராக ஏற்கப்பட்டுள்ளது. பாலத்துக்கான திட்டங்கள் உருவான அதே ஆண்டுகளில் இந்நடுநிலப் பகுதியில் குடியேறியவர்களுக்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே கொடிய போர் நடந்தது. 1830இல் ஆர்தர், படைவீரர்களும் குடியேறியவர்களும் கைதிகளுமாக 2,000க்கும் மேற்பட்டோரை வரிசையாக நிறுத்தித் தீவின் குறுக்கே நடத்தி, அம்மக்களை ஒரு மூலைக்கு விரட்ட முயன்றார். அவர்களைத் தேடித் திரியும் குழுவொன்றுக்கு ஜோர்கன்சன் தலைவராக இருந்தார். முடிசூடிய முகத்தின்மேல் எழும் பரிவு இச்செய்தியோடு சேர்த்தே எடை போடப்பட வேண்டியது. ஒடுக்கப்பட்டவர் தம்மினும் ஒடுக்கப்பட்டவரை வேட்டையாட அனுப்பப்பட்ட அக்காலத்தைப் பற்றி வளைவுக்கற்களில் ஒரு சொல்லும் இல்லை.

தமிழ் வாசகருக்கு நாடுகடத்தல் அயலான செய்தியன்று. சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றோரைக் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்குக்கும் சுமத்ராவின் பென்கூலனுக்கும் பின்னர் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. 1802இல் சிவகங்கைச் சீமையின் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் அவரைச் சார்ந்தோரும் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டதைத் தமிழக வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயத்தை இந்தியக் கைதிகளே கட்டினர். முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துத் தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்த ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. அங்கும் கைவேலை நிலைத்து நின்றது. ஆனால் ஹெர்பர்ட்டின் பெயர் நிலைத்ததுபோல அவர்களுடைய பெயர்கள் பொதுநினைவில் நிலைக்கவில்லை.

பாலத்தோடு தேடலை முடித்துக்கொள்ளாதவர்களுக்கு ராஸிலும் அதற்கு அப்பாலும் மேலும் சில இடங்கள் உண்டு. ராஸ் ஊரின் விளிம்பில் 1848 முதல் 1854 வரை நடந்த பெண் கைதிகளின் ‘தொழிலகம்’ இருந்த வெளி, இன்று மேடும் பள்ளமுமான புல்தரையாகவே காட்சியளிக்கிறது; சிறையும் வேலைக்கூடமும் குழந்தைகளின் கூடமும் நின்ற அடித்தளங்கள் மண்ணுக்குள் இருக்கின்றன; தொல்லியல் அகழாய்வுகளும் நடந்துள்ளன. இங்குப் பெண்கள் செதுக்கி வைத்துச் செல்லக் கல் ஏதும் தரப்படவில்லை. வடக்கே சிறிது தொலைவிலுள்ள கேம்ப்பெல் டவுனில், 1838இல் கைதிகள் செங்கல்லால் கட்டிய மூன்று வளைவுப் பாலம் இன்றும் நெடுஞ்சாலையைத் தாங்கி நிற்கிறது. அவ்வூர் நடைபாதையில் பதிக்கப்பட்ட செங்கற்களில் கைதிகளின் பெயர், வந்த கப்பல், செய்த குற்றம் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக் கணக்கில் மூத்தது ஹோபார்ட்டுக்கு அருகிலுள்ள ரிச்மண்ட் பாலம். 1823க்கும் 1825க்கும் இடையே கைதிகளால் கட்டப்பட்ட அது, ஆஸ்திரேலியாவில் இன்றும் பயன்பாட்டிலுள்ள கற்பாலங்களுள் மிகப் பழையது. எடுப்பான தோற்றத்தில் அது ராஸ் பாலத்துக்குக் குறைந்ததன்று. ஆயினும் அதன் கற்கள் பேசுவதில்லை.

ராஸ் பாலத்தைக் காண வருபவர் காலையிலோ மாலையிலோ வருவது நல்லது. உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் கல்முகங்கள், சாய்ந்த ஒளியில் நிழல் பெற்று எழுந்து நிற்கும். சிற்பங்களைக் கையால் தொடாமலும், பாசியைச் சுரண்டாமலும், கரையிலிருந்தே பார்ப்பது தேடுநர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம். தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நடு வளைவின் உச்சிக் கற்கள் வரை தெளிவாகக் காணலாம். மேலே செல்லும் கார்களின் ஓசை வளைவின் வயிற்றில் எதிரொலித்து நீர்மேல் வந்து சேர்கிறது. விடுதலை பெற்ற பின்னும் ஹெர்பர்ட் இவ்வூரை விட்டுச் செல்லாமல், குடும்பத்தோடு தங்கிக் கல்தச்சராகவே வாழ்ந்து 1868இல் இறந்தார். அவர் உடல் ராஸின் பழைய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. பாலம் முடிந்து 32 ஆண்டுகள், தாம் செதுக்கிய முகங்களின் மேலாகவும் அருகாகவும் அவர் நடமாடியிருக்கிறார். இடுகாட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே வந்துவிடலாம்.